தட்டும் ஓசைக்கு எழுந்து போகாதவர்கள்: பேய்ப்படங்களில் பதற்றமும் குற்ற உணர்ச்சியும்

ஒரு நல்ல பேய்ப்படம் பார்வையாளரை எவ்வாறு பதற்றத்தில் நிறுத்திவைக்கிறது, அத்தகைய படங்களின் நடுவில் ஏன் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய குற்ற உணர்ச்சி இருக்கிறது என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். என் பார்வையில் இவை இரண்டும் ஒரே கேள்விதான். குற்ற உணர்ச்சியில் இருக்கும் மனம், தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு நடமாடுகிறது. பார்க்க வேண்டிய பக்கம் பார்ப்பதில்லை, காதில் விழுந்த ஓசையை விழவில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டிய நேரத்தை நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறது. பதற்றத்தை உண்டாக்கத் தெரிந்த இயக்குநர் செய்வதும் இதையேதான்: முக்கியமானதைச் சட்டகத்துக்கு, அதாவது திரையில் தெரியும் பகுதிக்கு, வெளியே நிறுத்துகிறார், ஓசையை மட்டும் உள்ளே விடுகிறார், நமக்குத் தெரியவேண்டியதைத் தாமதப்படுத்துகிறார். இந்த இரண்டு தாமதங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் படங்களில்தான் அச்சம் படம் முடிந்த பிறகும் நம்முடன் இருக்கிறது. அவ்வாறு பொருந்தும் சில படங்களை எடுத்துக்கொண்டு விளக்க முயல்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது. ஆகவே கீழே பெயர் குறிப்பிடும் படங்களை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். திடுக்கிடச் செய்வது வேறு, பதற வைப்பது வேறு. அமைதியான காட்சியில் திடீரென்று பெரிய ஓசையோடு ஒரு முகம் பாய்ந்தால் எவரும் திடுக்கிடுவார்கள். அது உடலின் அனிச்சைச் செயல், அதற்குக் கதை தேவையில்லை. 1942இல் வெளியான 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் ஒரு பெண் தன்னை ஏதோ தொடர்வதாக அஞ்சி விரைந்து நடக்கும்போது, விலங்கின் சீற்றத்தைப் போன்ற ஓசையுடன் ஒரு பேருந்து சட்டகத்துக்குள் வந்து நிற்கும். இந்த உத்தி அதன் பிறகு ஆயிரம் படங்களில் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காட்சியை மீண்டும் பார்த்தால், பேருந்து வரும் நொடியைவிட அதற்கு முந்தைய நடைதான் நம்மை வாட்டுகிறது என்பது புரியும். இரண்டு பெண்களின் காலணி ஓசை மாறிமாறிக் கேட்கிறது, பிறகு ஒருத்தியின் ஓசை மட்டும் நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தத்தில்தான் பதற்றம் பிறக்கிறது. பிற்காலத்துப் படங்கள் பலவும் பேருந்தை எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டன என்பது என் வருத்தம்.

இனி, குற்ற உணர்ச்சிக்கு வருவோம். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, ராபர்ட் வைஸ் 1963இல் இயக்கிய 'தி ஹான்டிங்'. ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய நாவலைத் தழுவிய கறுப்பு வெள்ளைப் படம் அது. படம் முழுவதும் ஒரு பேய்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. எலினார் என்ற பெண், படுக்கையில் கிடந்த தாயைப் பல ஆண்டுகள் தனியாகப் பராமரித்தவள். தாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவார், இவள் எழுந்து போவாள். ஓர் இரவு தாய் தட்டினார், இவள் போகவில்லை, தாய் இறந்துவிட்டார். சட்டத்தின் கண்ணில் இது குற்றமே அன்று. உறக்கத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம். ஆனால் விழுந்தும் எழாமல் இருந்தோமோ என்ற ஐயம் எலினாரை விடுவதில்லை.

இந்தப் பெண் பேய்கள் உலாவுவதாகச் சொல்லப்படும் ஒரு மாளிகைக்கு ஆய்வுக்குழுவுடன் வந்து தங்குகிறாள். முதல் இரவில் அந்த வீடு என்ன செய்கிறது? சுவரைத் தட்டுகிறது. அரைத் தூக்கத்தில் இருக்கும் எலினார் அந்த ஓசைக்கு, "இதோ வருகிறேன் அம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் விழிக்கிறாள், அதன் பிறகுதான் தான் இருப்பது வேறு வீடு என்பது அவளுக்கு நினைவு வருகிறது. படத்தின் மொத்த அச்சமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அடுத்த அறைகளில் தங்கியிருப்பவர்களுக்கு அது பேய் எழுப்பும் ஓசையாக இருக்கலாம், எலினாருக்கோ அது போகத் தவறிய அழைப்பு. தட்டும் ஓசை தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாக நெருங்கிவரும்போது, கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நாம் பதறுகிறோம். அவளோ, தன்னைத் தேடிக்கொண்டு வருகிறார்கள் என்று பதறுகிறாள். ஒரே ஓசை இரண்டு வேலைகளையும் செய்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது ஒலிப்பதிவு, கதையாகப் பார்த்தால் அது மனசாட்சி.

வைஸ் இதைத் தற்செயலாகச் செய்யவில்லை என்பதற்குப் படத்தின் தொடக்கமே சான்று. மாளிகையின் பழைய வரலாறு முன்னுரையாகச் சொல்லப்படுகிறது: அவ்வீட்டின் மூதாட்டி படுக்கையில் இருந்தபடி கைத்தடியால் தட்டி உதவிக்கு அழைத்தார், அவரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண்ணோ ஓர் ஆணுடன் வெளியே தனித்திருந்தாள். மூதாட்டி இறந்தார். வீட்டைப் பெற்றுக்கொண்ட அந்தப் பெண் பிற்பாடு நூலகத்துச் சுழல் படிக்கட்டில் தூக்கிட்டுக்கொண்டாள். அதாவது எலினார் அந்த வாசலில் கால் வைப்பதற்கு முன்பே, அவளுடைய கதை அங்கே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. நமக்கு அது முன்கூட்டியே தெரியும், அவளுக்குத் தெரியவரும்போது அவள் வீட்டோடு பிணைந்துவிட்டிருக்கிறாள். பார்வையாளருக்கு ஒரு செய்தியை முன்னதாகக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் அதை நோக்கி நடந்துவருவதைப் பார்க்கவைப்பதுதான் பதற்றத்தின் அடிப்படை. இங்கே அந்தச் செய்தி ஒரு வெடிகுண்டு பற்றியதோ கொலைகாரன் பற்றியதோ இல்லை, எழுந்து போகாத ஒரு பணிப்பெண்ணைப் பற்றியது.

அப்படத்தின் இன்னொரு காட்சியையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். இரவில் எலினார் இருட்டில் படுத்திருக்கிறாள். பக்கத்து அறையிலிருந்து முணுமுணுப்பும், பிறகு ஒரு குழந்தை வதைபடுவது போன்ற குரலும் வருகின்றன. கேமரா அவள் முகத்துக்கும் சுவரில் உள்ள பூவேலைப்பாட்டுக்கும் இடையே மட்டும் மாறுகிறது. அந்த வேலைப்பாட்டையே நெடுநேரம் பார்க்க வைப்பதால், அதில் ஒரு முகம் இருப்பதாக நம் கண்ணே உருவாக்கிக்கொள்கிறது, படம் எதையும் வரைந்து காட்டவில்லை. பயத்தில் தோழியின் கையை எலினார் இறுகப் பற்றியிருக்கிறாள். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகுகிறது. அவள் கத்துகிறாள், விளக்கு எரிகிறது, தோழி அறையின் மறுபக்கத்தில் வேறு கட்டிலில் இருக்கிறாள். அப்படியானால் பிடித்திருந்தது யார் கை? இந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்வதில்லை. பேயைக் காட்டாமல் இருப்பது செலவைக் குறைக்கும் வழி என்று நினைக்கக் கூடாது. காட்டிவிட்டால் அது எலினாருக்கு வெளியே ஒரு பொருளாகிவிடும். காட்டாதவரை, அது வீட்டில் இருக்கிறதா அவளுக்குள் இருக்கிறதா என்ற கேள்வி திறந்தே இருக்கும், குற்ற உணர்ச்சி வாழ்வதும் அந்தத் திறந்த இடத்தில்தான்.

இதே தட்டும் ஓசையை ஸ்பானிய இயக்குநர் பயோனா 2007இல் எடுத்த 'தி ஆர்ஃபனேஜ்' இன்னும் கொடுமையான முறையில் பயன்படுத்துகிறது. தான் வளர்ந்த பழைய அநாதை இல்லத்தை விலைக்கு வாங்கிக் குடியேறும் லாரா என்ற பெண்ணின் வளர்ப்பு மகன் காணாமல் போகிறான். அன்றிரவு வீட்டுக்குள் எங்கிருந்தோ பலத்த மோதல் ஓசைகள் கேட்கின்றன. நாமும் அவளும் அவற்றைப் பேய்களின் வேலை என்று எடுத்துக்கொள்கிறோம், பேய்ப்படம் பார்க்க வந்திருக்கிறோம் அல்லவா? மாதக்கணக்கில் தேடிய பிறகுதான் தெரிகிறது: ஒரு சிறு அறையில் அவள் ஒழுங்குபடுத்தி வைத்த இரும்புக் குழாய்கள், அங்கிருந்த மறைகதவை அடைத்துவிட்டன. பையன் அதற்குப் பின்னால் இருந்த நிலவறையில் இருந்தான். அந்த ஓசை அவனுடையது. இங்கே நம்முடைய பழக்கமே நமக்கு எதிராகத் திருப்பப்படுகிறது. ஓசையைப் பேய் என்று முடிவுகட்டி ரசித்த நாமும் எழுந்து போகாதவர்களில் ஒருவராகிவிடுகிறோம். ஒரு திகில் படம் பார்வையாளரிடம் இவ்வளவு நேராகக் கணக்குக் கேட்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எலினாரும் லாராவும் கொலைகாரர்கள் அல்லர். இதைத்தான் நீங்கள் திரைக்கதையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கொலை செய்தவனைப் பேய் துரத்தும் கதை வேறு வகை. அந்த வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஜப்பானின் 'யோட்சுயா கைதான்'. நான்காம் சுருயா நன்போகு 1825இல் கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடக மேடைக்காக எழுதியது அது. பலமுறை திரைப்படமாகியிருக்கிறது. நொபுவோ நாககாவா 1959இல் வண்ணத்தில் எடுத்த வடிவமே எனக்கு மிகவும் பிடித்தது. வேலையற்ற சாமுராயான இயெமோன், வசதியான குடும்பத்துப் பெண்ணை மணப்பதற்காகத் தன் மனைவி ஓயிவாவுக்கு மருந்து என்று சொல்லி நஞ்சைக் கொடுக்கிறான். அவள் முகத்தின் ஒரு பக்கம் வெந்து வீங்குகிறது. கண்ணாடி முன் அமர்ந்து தலை வாருகிறாள், சீப்போடு கூந்தல் கொத்துக் கொத்தாக இரத்தத்துடன் வருகிறது. நிதானமாக, சடங்குபோல் எடுக்கப்பட்ட காட்சி அது. அவள் இறந்த பிறகு, அவள் உடலையும் இன்னொருவன் உடலையும் ஒரு கதவுப் பலகையின் இரு பக்கங்களிலும் ஆணியடித்து நீரில் விடுகிறார்கள்.

புது மனைவியுடன் முதல் இரவில் இயெமோன் அருகில் ஓயிவாவின் சிதைந்த முகத்தைக் காண்கிறான். வாளை உருவி வெட்டுகிறான். விழுந்து கிடப்பது புது மணப்பெண். ஓடிவரும் வேறொருவரிடமும், பலகையில் ஆணியடிக்கப்பட்ட அந்த இன்னொருவன் முகத்தைக் கண்டு அவரையும் வெட்டுகிறான். இங்கே பேய் தன் கையால் யாரையும் தொடவில்லை. கொன்றவனுடைய கண்ணில் புகுந்துகொண்டு, அவன் கையைக் கொண்டே அவன் அடைய நினைத்ததையெல்லாம் அழிக்கிறது. குற்றவாளி எதை மறக்க முயல்கிறானோ அதையே எல்லா முகங்களிலும் பார்க்கிறான் என்ற மன உண்மையை, விளக்கவுரை ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு வாள்வீச்சில் காட்டிவிடுகிறார்கள். இன்றும் இந்தக் கதையை நடிக்கப்போகிறவர்கள் டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் ஓயிவாவுக்கு உள்ள கோயிலுக்குச் சென்று வணங்கிவிட்டுத் தொடங்கும் வழக்கம் இருக்கிறது. அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மக்கள் எவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதும்.

நம்மிடமும் இதற்கு இணையான கதை உண்டு, அதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகி, மறுபிறப்பிலும் அவனைத் தொடர்ந்துவந்த பழையனூர் நீலியின் கதையில், பழிவாங்கலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் பிற்பகுதி. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னுடன் அனுப்பிவையுங்கள்" என்று நீலி ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். அவன் அஞ்சுகிறான். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்து அவனை அவளுடன் அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். வாக்குக் கொடுத்தவர்கள் தீயில் இறங்குகிறார்கள். கொன்றவனுக்குக் கிடைத்தது தண்டனை. குற்ற உணர்ச்சியைச் சுமந்ததோ, நல்லெண்ணத்தில் தவறாகத் தீர்ப்புச் சொன்ன அந்த எழுபது பேர். அவர்கள் அன்றிரவை எப்படிக் கழித்திருப்பார்கள், யாராவது ஒருவர் எழுந்துபோய் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப்பார்க்க நினைத்திருப்பாரா என்பதை ஒரு தமிழ் இயக்குநர் படமாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அண்மைக்காலத் தமிழ்ப் பேய்ப்படங்கள் பெரும்பாலும் முதல் பாதியை, அதாவது தண்டனையை மட்டுமே எடுத்துக்கொண்டன. 2011இல் வந்த 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் ஆவி கதாநாயகன் உடலில் இறங்கிக் கொலைகாரர்களைப் பழிவாங்குகிறது. அப்படத்துக்கு ஒரு சமூக மதிப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்பாதியில் நாம் பேயின் பக்கம் நின்று கைதட்டுகிறோம். குற்றம் முழுவதும் வில்லனிடம் இருக்கிறது, அவனுக்கோ உறுத்தல் கிடையாது. ஆகவே அச்சம் இடைவேளையோடு முடிந்து, அதன்பின் நடப்பது வழக்கு விசாரணையும் தண்டனையும்தான். நீதிமன்றம் தராத தீர்ப்பைப் பேய் தருகிறது. மக்களுக்கு அது ஆறுதல் தருவதில் வியப்பில்லை. ஆனால் ஆறுதல் வந்துவிட்ட இடத்தில் பதற்றம் நிற்காது.

அச்சமே இல்லாமல், வெறும் தாமதத்தால் நெஞ்சைப் பிசையும் பேய்க்காட்சி ஒன்று உண்டு. கென்ஜி மிசோகுச்சியின் 'உகெட்சு' (1953) படத்தின் இறுதிப் பகுதி அது. பதினாறாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின் நடுவில், மண்பாண்டம் விற்றுப் பணம் சேர்க்கும் வெறியில் கென்ஜூரோ என்ற குயவன் மனைவியையும் சிறு மகனையும் விட்டுவிட்டு நகரத்துக்குப் போகிறான். அங்கே ஒரு சீமாட்டியின் மயக்கத்தில் விழுகிறான், அவள் இறந்துபோனவள் என்பது பிறகு தெரிகிறது. இதற்கிடையில், முதுகில் குழந்தையுடன் ஊர் திரும்பும் மனைவி மியாகியைப் பசித்த படைவீரர்கள் உணவுக்காக ஈட்டியால் குத்துவதை நாம் பார்த்துவிட்டோம். அவனுக்கு அது தெரியாது.

இரவில் அவன் வீடு திரும்புகிறான். கதவைத் திறந்து உள்ளே வந்து மனைவியைக் கூப்பிடுகிறான். வீடு இருண்டு கிடக்கிறது, அடுப்பு குளிர்ந்திருக்கிறது. பின்பக்கமாக வெளியேறி வீட்டைச் சுற்றி வருகிறான். ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவாவின் கேமரா வீட்டுக்குள்ளேயே இருந்து, சுவரின் திறப்புகள் வழியாக அவன் நகர்வதைத் தொடர்ந்து திரும்புகிறது. அவன் மீண்டும் வாசலுக்கு வரும்போது கேமராவும் அறைக்குத் திரும்புகிறது. அடுப்பில் தீ எரிகிறது, மியாகி சமைத்துக்கொண்டிருக்கிறாள். இடையில் வெட்டு இல்லை, ஒரே ஷாட். வெட்டு இருந்திருந்தால் நாம் அதை ஓர் உத்தியாகக் கடந்திருப்போம். வெட்டு இல்லாததால், நாம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அதே அறையில் இறந்தவள் வந்து அமர்ந்துவிட்டாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவள் ஒரு குறையும் சொல்லாமல் சோறும் மதுவும் தருகிறாள், அவன் உறங்கியபின் கிழிந்த துணியைத் தைக்கிறாள். உண்மையை அறிந்தவர்கள் நாம் மட்டும்தான். விடிந்தால் அவனுக்குத் தெரியவரும். அந்த விடியலுக்காகக் காத்திருப்பதே இங்கே பதற்றம். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மசாக்கி கொபயாஷியின் 'க்வைடான்' (1964) படத்தின் முதல் கதையும் ஏறத்தாழ இதுவே: வறுமையில் மனைவியை விட்டுச்சென்ற சாமுராய் ஆண்டுகள் கழித்துத் திரும்பி, அவளிடம் மன்னிப்புப் பெற்று உறங்குகிறான். விழித்தால் அருகில் கருங்கூந்தல் படர்ந்த எலும்புக்கூடு. இதில் தோரு தகெமிட்சுவின் ஒலி வடிவமைப்பை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இற்றுப்போன பலகைகள் அவன் காலடியில் உடைவதைக் காண்கிறோம், ஆனால் மரம் பிளக்கும் ஓசை அந்த நொடியில் வருவதில்லை. பிந்தி, வேறோர் இடத்தில் வருகிறது. செயலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவில் ஆண்டுகள் ஓடிவிட்ட ஒருவனுடைய கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலியை என்னால் எண்ணிப்பார்க்க இயலவில்லை.

ஜாக் கிளேட்டனின் 'தி இன்னசென்ட்ஸ்' (1961) பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹென்றி ஜேம்ஸின் குறுநாவலைத் தழுவிய இப்படத்தில், இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை, இறந்துபோன இரு பணியாளர்களின் ஆவிகள் அக்குழந்தைகளைப் பற்றியிருப்பதாக நம்புகிறாள். ஏரியின் மறுகரையில், பட்டப்பகலில், நாணல்களுக்கு நடுவே கறுப்புடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கும் காட்சியைத் திகில் படம் எடுக்க விரும்பும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். இருட்டு, பாய்ச்சல், இரைச்சல் எதுவும் அதில் கிடையாது. தொலைவும் அசைவின்மையும் மட்டுமே. அகலத்திரையின் ஓரங்களை இருளாக்க ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ் கையால் வண்ணம் தீட்டிய கேமரா வடிகட்டிகளைப் பயன்படுத்தினார். அதனால் சட்டகத்தின் விளிம்பில் எப்போதும் ஏதோ ஒதுங்கி நிற்பதாகத் தோன்றுகிறது. குழந்தையைக் காப்பாற்றும் வேகத்தில் அவள் அவனை வற்புறுத்தி ஆவியின் பெயரைச் சொல்லவைக்கிறாள், அவன் அவள் கைகளிலேயே இறக்கிறான். பெரும்பாலான பேய்ப்படங்களில் குற்றம் கதை தொடங்குமுன் நடந்திருக்கும். இங்கே அது கடைசிக் காட்சியில் நடக்கிறது, ஆசிரியையின் குற்ற உணர்ச்சி தொடங்கும் இடத்தில் படம் முடிகிறது.

அலெஹாந்த்ரோ அமெனாபாரின் 'தி அதர்ஸ்' (2001) வேறொரு வழியில் போகிறது. வெளிச்சம் பட்டால் பிள்ளைகளின் உடல் தாங்காது என்பதால், ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் விதி. இந்த விதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், பிறகு எங்கே ஒரு கதவு திறந்து கிடந்தாலும் நம் வயிறு கலங்குகிறது. சிறிய செலவில் பதற்றத்தை உண்டாக்க விதி ஒன்றை நிறுவுவதைப்போல் எளிய வழி வேறில்லை. இறுதியில்தான் அந்த விதியின் உண்மையான பொருள் விளங்குகிறது: தன் கையால் பிள்ளைகளைக் கொன்று தானும் இறந்த தாய், அந்த நினைவுக்குள் வெளிச்சம் புகாமல் ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஹிதெயோ நகாதாவின் 'டார்க் வாட்டர்' (2002) படத்தில் இதே வேலையை ஒரு கூரைக் கசிவு செய்கிறது. தனித்து வாழும் தாய்க்கு மகளை நேரத்துக்குப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடியாத ஒவ்வொரு நாளும் மனத்தை அறுக்கிறது, அவள் தலைக்குமேல் ஈரக்கறை பெரிதாகிக்கொண்டே போகிறது. கசியும் கூரையை யாரும் பார்த்திருப்போம். அதை அச்சமாக்கியது அந்தத் தாயின் மனநிலைதான்.

இறுதியாக, இந்தக் கேள்விக்கு முழுமையான விடை என்று நான் கருதும் படம்: கிம் ஜீ-வூன் 2003இல் இயக்கிய கொரியப் படமான 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்'. இதன் வேர் ஒரு பழைய நாட்டார் கதை. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் உயிரிழந்த இரு சகோதரிகள் ஆவிகளாக ஊர் நடுவரிடம் முறையிட வருகிறார்கள். நடுவர்கள் ஒவ்வொருவராக அச்சத்திலேயே இறக்கிறார்கள். துணிவுள்ள ஒருவர் மட்டும் அவர்கள் சொல்வதைக் கேட்டு, வழக்கை விசாரித்துத் தண்டனை வழங்குகிறார். கிம் ஜீ-வூன் செய்த பெரிய மாற்றம், அந்த நடுவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டதுதான். முறையிட இடம் இல்லாமல் போனபின் எஞ்சுவதே படம்.

மனநல மருத்துவமனையிலிருந்து தங்கை சு-யோனுடன் வீடு திரும்பும் சு-மி, மாற்றாந்தாய் உன்-ஜூவுடன் மோதிக்கொண்டே இருக்கிறாள். அலமாரிகள், படுக்கையறை, கழுவுதொட்டியின் கீழ் இருட்டு என்று வழக்கமான பேய்ப்பட இடங்கள் எல்லாம் வருகின்றன. முடிவை நெருங்கும்போதுதான், தங்கை முன்பே இறந்துவிட்டாள் என்பதும், சு-மி வீட்டில் கண்ட தங்கையும் மாற்றாந்தாயும் அவள் மனத்தின் படைப்புகள் என்பதும், உண்மையில் அவ்வீட்டில் இருந்தவர்கள் அவளும் தந்தையும் மட்டுமே என்பதும் தெரிகின்றன. ஒருத்தியாகத் தங்கையைக் காப்பாற்றுகிறாள், இன்னொருத்தியாகத் தன்னையே வதைக்கிறாள். தண்டிக்க யாரும் இல்லாதபோது மனம் தானே தண்டிப்பவரையும் உருவாக்கிக்கொள்கிறது.

ஆனால் படத்தின் உயிர், அதற்கும் பின்னால் வரும் ஒரு பழைய நிகழ்வின் காட்சியில் இருக்கிறது. நோயுற்ற தாய் அலமாரிக்குள் தூக்கிட்டுக்கொண்டிருக்கிறார். சு-யோன் அதைக் கண்டு கதறி இழுக்க, அலமாரி அவள்மேல் சாய்ந்து அழுத்துகிறது. ஓசை வீடு முழுவதும் கேட்கிறது. அப்போது அந்த வீட்டில் தாதியாக இருந்த உன்-ஜூ மாடிக்கு வந்து பார்க்கிறாள், திகைத்து அறையை விட்டு வெளியேறுகிறாள், உடனே மனம் கேளாமல் திரும்பிப் போக எத்தனிக்கிறாள். அந்த நேரத்தில் சு-மி எதிரே வருகிறாள், ஓசை ஏதும் கேட்டதா என்ற பேச்சு எழுகிறது. சு-மி வெறுப்போடு பேசுகிறாள். உன்-ஜூவின் முகம் இறுகுகிறது. இந்த நொடியை நினைத்து நீ வருந்தக்கூடும் என்று சொல்கிறாள். உன்னோடு இங்கே நிற்பதைவிடக் கொடியது எனக்கு எதுவும் இல்லை என்ற பொருள்படச் சொல்லிவிட்டு, சு-மி வீட்டை விட்டு வெளியே நடக்கிறாள். நடக்கும்போது ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்க்கிறாள். பிறகு தொடர்ந்து நடக்கிறாள். தங்கை அப்போதும் உயிரோடுதான் இருக்கிறாள்.

இந்தக் காட்சியில் பேய் இல்லை, இரத்தம் இல்லை, இருட்டுகூட இல்லை. இருந்தும் படத்தின் மற்ற எல்லாக் காட்சிகளையும்விட இது தாங்க முடியாதது. ஏனென்றால், என்ன நடக்கப்போகிறது என்பது நமக்குத் தெரியும், ஓர் அறை தொலைவில் உதவி இருக்கிறது என்பதும் தெரியும், அவளிடம் சொல்ல நமக்கு வழியில்லை. இரண்டு பெண்களிடம் குற்றம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதையும் பாருங்கள்: தெரிந்தும் விலகிப்போனவளுக்கு ஒரு நொடி இரக்கம் இருந்தது, தெரியாமல் போனவளுக்கு ஒரு நொடி ஐயம் இருந்தது. அந்த ஐயத்துக்குத்தான் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெறும் அறியாமை என்றால் மன்னித்துவிடலாம். திரும்பிப் பார்த்துவிட்டு நடந்ததைத்தான் அவளால் தனக்கு மன்னிக்க முடியவில்லை, படத்தில் நாம் கண்ட பேய்களில் பெரும்பகுதி அந்தத் திரும்பலிலிருந்து பிறந்தவை.

உங்கள் குறும்படத்தைப் பொறுத்தவரை, பேயின் தோற்றத்தையும் ஒப்பனையையும் பற்றிய முடிவுகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து. முதலில் உங்கள் பாத்திரம் எந்தக் குறிப்பிட்ட நேரத்தில், எந்த இடத்தில், எதைச் செய்யாமல் விட்டது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அதில் ஓர் ஓசையோ பொருளோ கட்டாயம் இருக்கும்: எடுக்கப்படாத தொலைபேசி, திறக்கப்படாத கதவு, கேட்டும் கேளாததுபோல் விட்ட இருமல். பேய் வரவேண்டிய வழி அதுதான். அந்த ஓசையைப் பார்வையாளருக்கு முதலில் பொருளற்ற ஒன்றாக ஒருமுறை கொடுங்கள், இரண்டாம் முறை அச்சமாகக் கொடுங்கள், மூன்றாம் முறை அதன் உண்மையோடு கொடுங்கள். பத்து நிமிடப் படத்துக்கு இந்த மூன்று முறையே போதும். வசனத்தில் "நான்தான் காரணம்" என்று பாத்திரத்தைச் சொல்லவைக்காதீர்கள். எலினார் அரைத் தூக்கத்தில் சொன்ன பதிலைப்போல், தன்னை அறியாமல் வாயிலிருந்து விழும் ஒரு சொல் கிடைக்கும்வரை எழுதிப் பாருங்கள். எழுதத் தொடங்குமுன் 'தி ஹான்டிங்' படத்தின் முதல் இரவுக் காட்சியை ஒருமுறை படத்துடனும், ஒருமுறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் வைத்தும் கேளுங்கள். தட்டல்களுக்கு இடையில் எவ்வளவு நேரம் விடப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால், உங்கள் ஒலிப்பதிவாளரிடம் பேசுவதற்கு அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும்.